கோன் செட்டில் தொடங்கிய வேலை

2022 ஆகஸ்டில் நான் வாங்கிய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411, அதற்குள் இன்னொருவரிடம் 31,400 கிலோமீட்டர் ஓடி முடித்திருந்தது. வண்டி பார்வைக்கு நன்றாகவே இருந்தது. எஞ்சின் முதல் தட்டிலேயே எழுந்தது. ஆனால் சின்னமனூரிலிருந்து தேனிக்கு வரும் நேரான சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும், முன்பக்கம் ஒரு பக்கம் சாய்வதும் நான் திருத்துவதும் மறுபக்கம் சாய்வதுமாக, வண்டி தன் கோட்டில் நிற்கவே இல்லை. ஹேண்டில் நடுவில் எதிலோ சிக்கிக்கொண்டு, சிறிது அழுத்தம் கொடுத்த பிறகே விடுபடுவது போன்ற உணர்வு கைகளுக்குத் தெரிந்தது. சஸ்பென்ஷன் களைத்துவிட்டது என்று நானே முடிவு செய்து, பின்பக்கத்துக்குப் புதிய ஷாக், முன் ஃபோர்க்குக்குக் கடினமான ஸ்பிரிங், ஹேண்டிலின் ஆட்டத்தை அடக்க ஒரு டாம்பர் என்று பட்டியல் எழுதினேன். கூட்டிப் பார்த்தபோது தொகை 60,000 ரூபாயைத் தாண்டியது.

அந்தப் பட்டியலோடு தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் போனேன். அவர் அதை வாங்கிப் பார்க்காமல், வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தச் சொல்லி, எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினார். இரண்டே விரல்களால் ஹேண்டிலை இடமும் வலமுமாக மெதுவாகத் திருப்பினார். சக்கரம் நேராக வந்த இடத்தில் ஹேண்டில் "டக்" என்று ஒரு பள்ளத்தில் விழுந்து நின்றது. "தம்பி, இதை நீங்களே பிடிச்சுப் பாருங்க. கோன் செட் போயிருக்கு. வேற எதுக்கும் இப்ப செலவு பண்ணாதீங்க" என்றார்.

கோன் செட் என்று நம் பட்டறைகளில் சொல்லப்படுவது, ஃபோர்க்கைத் தாங்கும் தண்டு சட்டத்துக்குள் திரும்புவதற்காக மேலும் கீழும் பொருத்தப்படும் இரண்டு பேரிங்குகள். சக்கரத்தின் பேரிங்குகள் முழுச் சுற்று சுற்றுகின்றன. இவை பெரும்பாலும் சில டிகிரிகளுக்குள் மட்டுமே அசைகின்றன. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால், சாலைப் பள்ளங்களின் அடியெல்லாம் பேரிங்கிலுள்ள ஒவ்வொரு எஃகுக் குண்டும் உட்கார்ந்திருக்கும் அதே புள்ளியில் மீண்டும் மீண்டும் விழுகிறது. கிரீஸ் இருக்கும்வரை அது தாங்கும். கிரீஸ் காய்ந்தாலோ உள்ளே தண்ணீர் புகுந்தாலோ, குண்டு உட்காரும் இடத்தில் வளையம் குழிந்துவிடும். நேராக ஓடும் இருசக்கர வண்டி, கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய திருப்பங்களால் தன்னை இடைவிடாமல் சமன்படுத்திக்கொண்டே போகிறது. அந்தக் குழிகள் அச்சிறு திருப்பங்களைத் தடுத்துவிடுவதால்தான் வண்டி அலைந்தது. என் பட்டியலில் இருந்த எந்தப் பொருளும் இந்தக் குறையைத் தொட்டிருக்காது.

அந்த வேலையை வீட்டிலேயே செய்வது என்று முடிவெடுத்தேன். ஒரு சனியும் ஞாயிறும் முழுமையாகச் செலவாயின. முன் சக்கரம், பிரேக் காலிப்பர், மட்கார்டு, ஃபோர்க் குழாய்கள், ஹேண்டில் என்று வரிசையாகக் கழற்றி, தண்டைக் கீழே இறக்கியபோது, கீழ்ப் பேரிங்கிலிருந்த குண்டுகள் பழுப்பு நிறச் சேறு பூசியபடி வெளியே வந்தன. மேல் பேரிங்கில் ஓரளவு கிரீஸ் இருந்தது. கீழே சொட்டுக்கூட இல்லை. சட்டத்துக்குள் இறுக்கமாக அமர்ந்திருக்கும் வெளி வளையத்தை நீண்ட இரும்புக் கம்பியால் எதிரெதிர்ப் பக்கங்களில் மாறி மாறித் தட்டி வெளியேற்ற வேண்டும். ஒரே பக்கம் தட்டினால் அது சாய்ந்து சட்டத்தைக் கீறிவிடும். புது வளையங்களை முதல் நாள் இரவே ஃபிரீசரில் வைத்திருந்தேன். குளிரில் சுருங்கிய வளையம் தன் இடத்தில் எளிதாக இறங்கியது. பழைய வளையத்தையே அதன்மேல் கவிழ்த்து வைத்துத் தட்டியதால், சுத்தியல் புது வளையத்தின் முகத்தில் படவில்லை.

குண்டுகளுக்குப் பதிலாகக் கூம்பு வடிவ உருளைகள் கொண்ட டேப்பர் ரோலர் பேரிங் போட்டேன். குண்டு வளையத்தைப் புள்ளியில் தொடுகிறது, உருளை ஒரு கோட்டின் நீளம் முழுவதும் தொடுகிறது. அதே அடி அதிகப் பரப்பில் பரவுவதால் குழி விழுவது வெகுவாகத் தாமதப்படும். இந்த வேலையின் உயிர்நாடி, கடைசியில் நட்டை எவ்வளவு இறுக்குவது என்பதில் இருக்கிறது. முதலில் சற்று அதிகமாக இறுக்கி, ஹேண்டிலைப் பலமுறை இருபுறமும் திருப்பி உருளைகளை அமரச் செய்து, பிறகு முழுமையாகத் தளர்த்தி, மீண்டும் ஆட்டம் மறையும் அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். தூக்கிய சக்கரத்தை நடுவிலிருந்து லேசாகத் தள்ளினால், அது தன் எடையிலேயே தடையின்றிக் கடைசிவரை போக வேண்டும். ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது. இரண்டும் ஒருசேர அமையும் இடம் மிகக் குறுகியது. 500 கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒருமுறை சரிபார்த்தபோது சிறிது தளர்ந்திருந்தது. கால் சுற்றுக்கும் குறைவாக இறுக்கினேன்.

வேலை முடிந்த மறுநாளே அதே சின்னமனூர் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி கயிறு கட்டி இழுத்தது போல நேராகச் சென்றது. செலவு 2,000 ரூபாயைத் தொடவில்லை. அன்று ஒரு வரிசையை வகுத்துக்கொண்டேன்: வண்டி புதிதாக இருந்தபோது எப்படி இருந்ததோ அந்த நிலைக்கு முதலில் கொண்டுவர வேண்டும், பிறகு அளக்க வேண்டும், அளந்து குறை தெரிந்த இடத்தில் மட்டும் மாற்ற வேண்டும்.

எங்கள் தோட்டத்துக் கிணற்றடியில் ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்று இருந்தது. அப்பா அதற்கென்று கோடு போட்ட நோட்டு வைத்திருந்தார். ஆயில் மாற்றிய நாள், நாசில் மாற்றிய நாள், பெல்ட் மாற்றிய நாள் எல்லாம் அதில் இருக்கும். அதே போன்ற நோட்டு ஒன்றை வண்டிக்காகத் தொடங்கினேன். முதல் பக்கத்தில் கோன் செட் பற்றிய குறிப்பு இருக்கிறது.

சாலைக்கும் மண் பாதைக்கும் பொதுவான வண்டிகளில் ஒற்றை சிலிண்டர் தொடர்ந்து வாழ்வதற்கு வலுவான காரணம் உண்டு. 1968இல் வந்த யமஹா டிடி-1, 1976இல் வந்த எக்ஸ்டி500 ஆகியவை இந்த வகைக்கு வடிவம் கொடுத்தவை. 1978 டிசம்பரில் புறப்பட்டு 1979 ஜனவரியில் முடிந்த முதல் பாரிஸ்–டாக்கர் பந்தயத்தில் சிரில் நெவ்யூ வென்றதும் எக்ஸ்டி500இல்தான். குறைந்த எடை, ஒடுக்கமான உடல், பாலைவனத்தின் நடுவிலும் கையளவு கருவிகளால் பிரிக்க முடிந்த எளிமை ஆகியவையே அதற்குக் காரணம். 2016இல் அறிமுகமான ஹிமாலயன் 411இன் எஞ்சினும் அந்த எளிமையைக் கொண்டதுதான். 78 மில்லிமீட்டர் துளை, 86 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், இரண்டே வால்வுகள், காற்றுக் குளிர்ச்சியோடு ஓர் ஆயில் கூலர். 32 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது திருப்புவிசை, 4,000 சுற்றுகளையொட்டியே கிடைத்துவிடுவதால், மேகமலை ஏற்றத்தின் கொண்டை ஊசி வளைவுகளில் கியரை அடிக்கடி இறக்க வேண்டியதில்லை.

இரண்டு வால்வுகளும் திருகாணியும் பூட்டு நட்டும் கொண்டு சரிசெய்யப்படுபவை என்பதால், டாப்பெட் வேலையை, அதாவது வால்வுக்கான இடைவெளியைச் சரிசெய்வதை, கார் ஷெட்டில் ஒரு காலைப் பொழுதுக்குள் முடித்துவிடலாம். எஞ்சின் இரவு முழுவதும் ஆறியிருக்க வேண்டும். பிஸ்டன் அழுத்த ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிற்கிறது என்பதை உறுதிசெய்த பிறகே, கையேடு தரும் அளவுக்கான ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை நுழைக்க வேண்டும். கேஜ் லேசான இழுப்போடு நகர வேண்டும். பூட்டு நட்டை இறுக்கும்போது திருகாணியும் சேர்ந்து நகர்ந்துவிடும் என்பதால், இறுக்கிய பிறகு மீண்டும் ஒருமுறை அளப்பது கட்டாயம். டாப்பெட் சத்தம் கேட்டால் பதறுகிறோம், சத்தமே இல்லாவிட்டால் மகிழ்ச்சி அடைகிறோம். உண்மையில் கவலைப்பட வேண்டியது இரண்டாவதுக்குத்தான். இடைவெளி குறைந்து போன எக்சாஸ்ட் வால்வு தன் இருக்கையில் முழுமையாக அமராது. அமரும்போதுதான் அது தன் சூட்டை சிலிண்டர் ஹெட்டுக்குக் கடத்துகிறது. அமராத வால்வு விளிம்பில் கருகத் தொடங்கும். என் வண்டியில் எக்சாஸ்ட் வால்வு அளவைவிட இறுக்கமாகத்தான் இருந்தது. சூடான பிறகு ஐடிலிங்கில் வண்டி அணைந்துபோகும் பழக்கம் அன்றோடு நின்றது.

ஆயில் மாற்றுவது எல்லோரும் செய்யும் வேலை. இரண்டு செய்திகளை மட்டும் சொல்கிறேன். கிளட்ச் தட்டுகளும் இதே ஆயிலில்தான் நனைகின்றன. ஆகவே 15டபிள்யூ-50 என்ற எண்ணோடு, நனையும் கிளட்சுக்கு ஏற்றது என்பதைக் காட்டும் ஜாஸோ எம்ஏ என்ற குறியும் டப்பாவில் இருக்க வேண்டும். உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்த்த கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். அடுத்தது பழைய ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட். அலுமினிய உடலில் இரும்பு போல்ட்டைப் பலங்கொண்ட மட்டும் இறுக்கிய யாரோ ஒருவரால் என் வண்டியின் மரை பாதி தேய்ந்திருந்தது. அதைச் செப்பனிட லேத் பட்டறையில் புது மரைச் சுருள் வைக்க வேண்டியிருந்தது. அளவறிந்து இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் வாங்கிய பணம் எனக்கு அந்த நாளிலேயே நியாயமாகிவிட்டது.

ஏர் ஃபில்டர்தான் மண் பாதை வண்டியின் ஆயுளைத் தீர்மானிக்கிறது என்று நான் நம்புகிறேன். உள்ளே போகும் நுண்ணிய மணல் பிஸ்டன் வளையத்தையும் சிலிண்டர் சுவரையும் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். தாள் ஃபில்டரை வெளிப்பக்கத்திலிருந்து காற்றடித்துச் சுத்தம் செய்தால் தூசி தாளுக்குள் இன்னும் ஆழமாகப் போகும். காற்றின் வேகத்தில் தாள் கிழிந்தால் அது கண்ணுக்கும் தெரியாது. நான் புதிதையே மாற்றிவிடுகிறேன். கழற்றும்போது பெட்டியின் உட்பக்கத்தில், அதாவது எஞ்சினை நோக்கிய சுத்தமான பக்கத்தில், விரலால் துடைத்துப் பார்க்கிறேன். அங்கே மண் ஒட்டினால் ஃபில்டரின் விளிம்பு சரியாக அமரவில்லை என்று பொருள். விளிம்பில் மெல்லியதாகக் கிரீஸ் தடவி அமர்த்துவது அந்த வழியை அடைத்துவிடும்.

செயினைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நீண்ட சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் செயினை இறுக்கமாக வைப்பது தளர்வாக வைப்பதைவிடக் கேடானது. பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேலெழும்போது, முன் ஸ்பிராக்கெட்டும் ஸ்விங் ஆர்ம் திரும்பும் அச்சும் பின் சக்கர அச்சும் ஒரே கோட்டுக்கு வரும் இடத்தில் செயின் மிக அதிகமாக இழுபடுகிறது. நிற்கும்போது அளவாகத் தெரியும் செயின், அந்த இடத்தில் கியர்பாக்ஸிலிருந்து வெளிவரும் தண்டின் பேரிங்கையே இழுக்கத் தொடங்கிவிடும். சக்கரத்தைச் சுற்றி, செயின் எங்கே அதிகமாக இறுகுகிறதோ அந்த இடத்தில்தான் அளக்க வேண்டும். சுத்தம் செய்ய மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷும் போதும். பெட்ரோலும் கம்பி பிரஷும், செயினுக்குள் கிரீஸைக் காக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளைக் கெடுத்துவிடும். பிறகு துடைத்து, 90 எண் கியர் ஆயிலைச் செயினின் உட்பக்கத்தில் இடுகிறேன். மழைக்காலத்தில் 300 கிலோமீட்டருக்கு ஒருமுறை, மற்ற நாட்களில் 500க்கு ஒருமுறை.

கோன் செட்டில் தண்ணீர் எப்படிப் புகுந்தது என்ற கேள்விக்கான விடை பின்பக்கத்தில் கிடைத்தது. ஷாக்கைத் தாங்கும் லிங்கேஜைப் பிரித்தபோது அங்கேயும் அதே பழுப்புச் சேறுதான். ஊசி பேரிங்குகளில் ஒன்று அசையவே இல்லை. அழுத்தத்தில் பீய்ச்சும் தண்ணீரால் வண்டி பலமுறை கழுவப்பட்டிருப்பதற்கான அடையாளம் அது. ரப்பர் சீல் மழைத் தண்ணீரைத் தடுக்கும், நேராகப் பாயும் அந்த வேகத் தாரையைத் தடுக்காது. உள்ளே போன தண்ணீர் வெளியேற வழி இல்லாமல் கிரீஸோடு கலந்து துருவாகிறது. இப்போது வாளித் தண்ணீரும் துணியும் கொண்டே கழுவுகிறேன். சேறு காய்ந்திருந்தால் முதலில் ஊற விடுகிறேன். லிங்கேஜ், ஸ்விங் ஆர்ம் பேரிங்குகளை ஆண்டுக்கொரு முறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு பிரித்துக் கிரீஸ் வைக்கிறேன்.

இத்தனையும் முடிந்த பிறகே அளப்பதற்கு வந்தேன். வண்டி யாரும் ஏறாமல், சக்கரம் தொங்கும் நிலையில் பின் அச்சிலிருந்து மேலே ஒரு குறிப்பிட்ட புள்ளிவரை உள்ள உயரத்தை அளந்து, பிறகு ஹெல்மெட், பூட்ஸ் சகிதம் நான் ஏறி அமர்ந்த நிலையில் தம்பியை மீண்டும் அளக்கச் சொன்னேன். இரண்டுக்குமுள்ள வித்தியாசம் 71 மில்லிமீட்டர். இந்த வண்டியின் பின் சஸ்பென்ஷன் நகரும் மொத்தத் தொலைவு 180 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதாவது 60 மில்லிமீட்டர், ஓட்டுநரின் எடைக்கு இறங்குவது பொதுவாக ஏற்கப்படும் அளவு. ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் பிரீலோட் வளையத்தைச் சி ஸ்பேனரால் திருப்பி 59க்குக் கொண்டுவந்தேன். பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் நிமிர்ந்து, சக்கரம் வளைவில் வெளியே ஓடும் குறை நீங்கியது. இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. முன்பக்கத்தில் 200 மில்லிமீட்டரில் 74 இறங்கியது. அங்கே வெளியிலிருந்து திருப்பும் வசதி இல்லை என்பதால், என் எடைக்குப் பொருத்தமான ஸ்பிரிங் தேவை என்பது அப்போதுதான் எண்ணால் உறுதியானது.

ஃபோர்க்கில் ஆயில் கசிந்தால் உடனே சீல் மாற்றிவிடாதீர்கள். பெரும்பாலும் சீலின் உதட்டுக்கும் குழாய்க்கும் நடுவே காய்ந்த மண் துணுக்கு சிக்கியிருக்கும். தூசி மூடியை இறக்கி, பழைய எக்ஸ்ரே பிலிமில் கொக்கி வடிவில் வெட்டிய பட்டையை நுழைத்து ஒரு சுற்று இழுத்தால் அந்தத் துணுக்கு வெளியே வந்துவிடும். என் வண்டியின் இடது ஃபோர்க் இவ்வாறு சுத்தம் செய்த பிறகு 14,000 கிலோமீட்டராகக் கசியவில்லை.

இனி மாற்றங்கள். முதலில் கழற்றியவற்றைச் சொல்ல வேண்டும். வாங்கும்போதே பெரிய கிராஷ் கார்டு, இரும்புப் பெட்டிகள், அவற்றின் தாங்கிகள் எல்லாம் இருந்தன. மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தபோது மொத்தம் 27 கிலோ. ஏறக்குறைய 190 கிலோ எடையுள்ள வண்டியோடு இது சேர்ந்தால், ஈரமண்ணில் சாய்ந்த வண்டியைத் தனியாளாகத் தூக்குவது அரிது. பெட்டிகளையும் தாங்கிகளையும் கழற்றி, துணிப்பை மட்டும் கட்டுகிறேன். நான் செய்த மாற்றங்களில் மிகப் பெரிய பலன் தந்தது இதுவே.

முன் ஸ்பிராக்கெட்டில் 15 பற்களுக்குப் பதிலாக 14 போட்டேன். பின்னே 38 பற்கள் இருப்பதால் விகிதம் 2.53இலிருந்து 2.71 ஆகிறது, சக்கரத்துக்குச் சேரும் இழுவை சுமார் 7 விழுக்காடு கூடுகிறது. மேகமலைக்கு மேலே இரவங்கலார் நோக்கிப் போகும் தேயிலைத் தோட்டப் பாதையில், பெரிய கற்களுக்கு இடையே முதல் கியரில் கிளட்சைப் பிடிக்காமலே ஊர்ந்து செல்ல முடிகிறது. அதற்கு விலையாக நெடுஞ்சாலையில் அதே வேகத்துக்கு எஞ்சின் 7 விழுக்காடு கூடுதலாகச் சுழல்கிறது. 90க்கு மேல் இந்த வண்டியை ஓட்டாத எனக்கு அது ஏற்புடையது. நாள்தோறும் நெடுஞ்சாலையில் போகிறவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். சிறிய ஸ்பிராக்கெட்டில் செயின் கூர்மையாக வளைவதால் தேய்மானமும் சற்று விரைவுபடும்.

முன் பிரேக்குக்கு உலோகத் தூளை இறுக்கிச் செய்த சின்டர்டு பேடுகளும் எஃகு வலை போர்த்திய ஹோஸும் போட்டேன். அதற்கும் முன்னதாகப் பிரேக் ஆயிலை மாற்றியபோதே லிவரின் தளர்ச்சியில் பாதி போய்விட்டது. டாட் 4 ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நீர் கலந்த ஆயில் போடிமெட்டு போன்ற நீண்ட இறக்கங்களில் சூடேறும்போது ஆவிக் குமிழிகள் உண்டாகி லிவர் வெறுமையாக இறங்கிவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அந்த ஆயிலை விட்டுவைப்பது உயிரோடு தொடர்புடைய அலட்சியம்.

அலுமினியத் தண்டு உள்ள ஹேண்ட் கார்டு போட்ட பிறகு, மூன்று முறை விழுந்தும் லிவர் உடையவில்லை. கூடுதல் விளக்கு இரண்டு, சேர்த்து 40 வாட். 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியருக்குள். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்து, ரிலே வழியாக இணைத்தேன். இருக்கும் வயரை உரித்துச் சுற்றி டேப் ஒட்டுவது மழையில் நடுவழியில் நிறுத்திவிடும். சைலன்சரை மாற்றவில்லை. ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து எரிபொருளை அளக்கும் எஞ்சினில், அந்த அளவுகளைத் திருத்தாமல் காற்றோட்டத்தை மட்டும் கூட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. காலை ஆறு மணிக்குத் தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்புகளின் ஊடாகப் போகிறவன் என்ற முறையிலும் அந்தச் சத்தம் எனக்கு வேண்டாம்.

டயரை நானே கழற்றக் கற்றுக்கொண்டதையும் இதே கணக்கில் சேர்க்கிறேன். முன்னே 90/90-21, பின்னே 120/90-17, இரண்டும் ட்யூப் உள்ளவை. இந்த வேலையில் பலம் தேவைப்பட்டால் ஏதோ தவறு நடக்கிறது என்று பொருள். லிவர் போட்டுத் தூக்கும் இடத்துக்கு நேர் எதிரே டயரின் விளிம்பு ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறங்கியிருக்க வேண்டும். அங்கே முழங்காலால் அழுத்திக்கொண்டால் இங்கே தளர்வு தானாகக் கிடைக்கும். உள்ளே டால்கம் பவுடரும் விளிம்பில் சோப்புத் தண்ணீரும் தடவினால், ட்யூபை லிவர் கடிக்காமல் முடித்துவிடலாம். மண் பாதையில் காற்றைக் குறைத்தாலும் முன்னே 20 பிஎஸ்ஐக்குக் கீழே நான் இறக்குவதில்லை. அதற்கும் கீழே போனால் டயர் ரிம்மின்மேல் வழுக்கி, ட்யூபையும் இழுத்து, வால்வின் அடியைக் கிழித்துவிடக்கூடும். சக்கரம் கையில் இருக்கும்போதே ஒவ்வொரு ஸ்போக்கையும் சிறிய ஸ்பேனரால் தட்டிப் பார்க்கிறேன். இறுகியது கணீர் என்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும்.

இன்று மீட்டர் 52,600 காட்டுகிறது. நோட்டில் இப்போது 41ஆம் பக்கம். 2023இல் 450 சிசி எஞ்சினோடு புது ஹிமாலயன் வந்துவிட்டது; ஆனால் இந்த 411க்கு உதிரி பாகங்கள் தேனியிலேயே கிடைக்கின்றன. முன் ஃபோர்க்குக்கான ஸ்பிரிங் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. ஆயில், சீல், செம்பு வாஷர் எல்லாம் தயார். ஞாயிறன்று ஃபோர்க்கைப் பிரித்துப் பொருத்திவிட்டு, தம்பியைக் கூப்பிட்டு மீண்டும் அளக்க வேண்டும். முன்பக்கம் இறங்குவது 65 மில்லிமீட்டருக்குள் வருகிறதா என்று பார்க்கிறேன்.